தபால்காரர் தைத்த போர்வை

கிளிஃபர்ட் சக்டன் டாட்மர்டன் ஊரில் முப்பத்தோரு வருஷம் தபால்காரராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று விருந்தில் எழுந்து நின்று, "என் கைக்கு வந்த ஒரு கடிதம்கூட ஊர் போய்ச் சேராமல் இருந்ததில்லை" என்றார். பலத்த கைதட்டல். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது அவர் மனைவி எட்னா. கிளிஃபர்டின் காது மடல் மட்டும் தக்காளியாகச் சிவந்தது.

விஷயம் இதுதான். ஏழு வருஷத்துக்கு முன் எட்னாவின் அம்மா இறந்துபோனார். அடக்கம் முடிந்த சாப்பாட்டில், "அக்கா, உன் சாண்ட்விச் வறட்டியாட்டம் இருக்கே" என்று எட்னா சொல்லிவிட்டாள். அதுவும் பாதிரியாருக்கு எதிரில். அக்கா மியூரியல் தட்டை வைத்துவிட்டு ஹாலிஃபாக்ஸ் பஸ் ஏறியவள்தான். ஒரு மாசம் அழுதுவிட்டு எட்னா மூன்று பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினாள். வீட்டிலேயே தபால்காரர் இருக்கும்போது தெருக்கோடிப் பெட்டிக்கு யார் நடப்பார்கள்? புருஷன் கையில் கொடுத்தாள். அவர் மழைக்கோட்டின் உள்பையில் போட்டார். மறுநாள் புதுக் கோட்டு வந்தது.

எட்டு மாசம் கழித்துப் பழைய கோட்டில் கடிதம் கிடைத்தது. இப்போது அனுப்பினால் முத்திரைத் தேதி காட்டிக்கொடுத்துவிடும். சொல்லலாம் என்றால் வாய் வரவில்லை. கொட்டகையில் இருந்த காகிதப் பெட்டிக்குள், விதைப் பட்டியல்களுக்கு நடுவே செருகினார். அக்கா பதில் போடவில்லை என்று எட்னா கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். காலம் போகப் போக, ஒளித்ததையே மறந்தும் போனார்.

இந்த வருஷம் எட்னாவுக்குப் போர்வைப் பைத்தியம் பிடித்தது. தடித்த காகிதத்தை அறுகோணமாக வெட்டி, அதன்மேல் துணித்துண்டை மடித்து ஓட்டுத்தையல் போட்டு, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைக்கிற வேலை. ஆறு பக்கமும் தைத்தபின் உள்ளே இருக்கும் காகிதத்தை உருவிவிடலாம். ஒரு போர்வைக்கு ஆயிரத்துச் சொச்சம் துண்டு.

கிளிஃபர்டுக்கு இதில் பரம சந்தோஷம். அவள் தலை குனிந்து தைக்கும் நேரமெல்லாம் சமையலறைக் கூரைக்கு வர்ணம் அடிக்கும் பேச்சு எழாது. 'இன்றுமுதல் மனைவியின் கலைக்கு நான் துணை' என்று சங்கல்பம் செய்துகொண்டார். "வெட்டறதுக்குக் கெட்டிக் காகிதம் இருக்கா?" என்று அவள் கேட்டதுதான் தாமதம், கொட்டகைப் பெட்டியை அப்படியே தூக்கிவந்து மடியில் வைத்தார்.

பத்து நாள் கழித்து, தேநீர் ஆற்றிக்கொண்டே போர்வையின் பின்புறத்தைப் பார்த்தார். ஒரு அறுகோணக் காகிதத்தில் நீல மையில், எட்னாவின் கையெழுத்தில், 'அக்கா, அந்த சாண்ட்விச்' என்று இருந்தது.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

கண்ணாடி போடாமல் வெட்டியிருக்கிறாள், படிக்கவில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆனால் காகிதத்தை உருவும்போது படிப்பாளே! அதற்குமுன் எல்லாவற்றையும் தானே எடுத்துவிட வேண்டும்.

"எட்னா, எனக்கும் இதக் கத்துக்கொடேன்."

"எத?"

"இந்தப் போர்வைதான். ஆசையா இருக்கு."

"முப்பத்தெட்டு வருஷமா உனக்குத் திரைச்சீலைக்கும் மேஜைத்துணிக்கும் வித்தியாசம் தெரியாது. காய்ச்சலா?"

"ஆம்பளைங்க தைக்கக்கூடாதா? காகிதத்த வேணா நான் உருவித் தரேன்."

"அதெப்படி? தைக்கிறவங்கதான் உருவணும். நூறு துண்டு தச்சா இருபது உருவலாம். சம்மதமா?"

சம்மதித்தார். சனிக்கிழமைப் பந்தாட்டம் போனது. பப் போனது. நண்பர்கள் வாசலில் கூப்பிட்டால், "இடுப்புப் பிடிப்பு" என்று உள்ளிருந்து கத்தினார். மலை மேல் ஆடு ஏறுகிற மாதிரி அவர் தையல் மேலும் கீழும் போனது. எட்னா பிரித்துத் திரும்பத் தைக்கச் சொன்னாள். வியாழக்கிழமை தோறும் அவள் சர்ச் மண்டபத்துத் தையல் வகுப்புக்குப் போகும்போது, "நான் வர்றதுக்குள்ள முப்பது" என்று கணக்குச் சொல்லிவிட்டுப் போவாள்.

உருவிய காகிதங்களில் கடிதத்துண்டு வந்தால் சட்டைப்பைக்குள் தள்ளினார். ஒருநாள் அவள் திடீரென்று உள்ளே வர, ஒன்றைத் தேநீரோடு விழுங்கினார்.

"என்ன மெல்றே?"

"பிஸ்கட்."

"வீட்டுல பிஸ்கட் தீர்ந்து நாலு நாளாச்சே."

"பழசு."

ஊசி விரலில் தைத்தது. எழுத்து நெஞ்சில் தைத்தது. 'நான் பேசினது தப்பு' என்றது ஒரு துண்டு. 'நீயில்லாத கிறிஸ்துமஸ்' என்றது இன்னொன்று. 'மன்னிச்சிடு' மட்டும் ஒன்பது தடவை கிடைத்தது. மூன்று பக்கத்தில் ஒன்பது மன்னிப்பு! எவ்வளவு நொந்து எழுதியிருக்கிறாள் என்று நினைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னும் நெருக்கமாகத் தைத்தார். எத்தனை எடுத்தாலும் துண்டு தீர்ந்தபாடில்லை. மை பளிச்சென்று இருந்தது. 'அந்தக் காலத்து மை' என்று மெச்சிக்கொண்டார்.

ஆறாவது வாரம், புதன்கிழமை, அந்தத் துண்டு வந்தது.

'கிளிஃப் கையில் கொடுத்தனுப்புறேன். அவன் கைக்கு வந்தா தவறாது.'

அதற்குமேல் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண் மறைத்தது. ஊருக்கெல்லாம் மழையிலும் பனியிலும் கொண்டுபோய்க் கொடுத்தோம், நம் வீட்டுக் கடிதம் ஒன்றை ஒளித்துவைத்தோமே என்று அன்றிரவு புரண்டுகொண்டே கிடந்தார். எட்னாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. முதலில் மியூரியலிடம் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தார்.

வியாழக்கிழமை. எட்னா வகுப்புக்குக் கிளம்பியதும், துண்டுகளை ஒரு உறையில் போட்டு ஒட்டினார். பழக்கதோஷம், முகவரியும் எழுதினார். ஹாலிஃபாக்ஸ் பஸ்ஸில் வழியெல்லாம் வசனம் ஒத்திகை பார்த்தார். கதவைத் தட்டினார்.

மியூரியல் கதவைத் திறந்தாள். தலை நரைத்திருந்தது. குரல் நரைக்கவில்லை.

"வா கிளிஃப். தபாலா?"

"மியூரியல்... ஒரு கடிதம்... ஏழு வருஷம் தாமதம். தப்பு என்மேலதான். எட்னா அப்பவே எழுதிட்டா. நான்தான் பாவி..." ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் பஸ்ஸிலேயே இறங்காமல் போய்விட்டிருந்தது. உறையை நீட்டினார்.

அவள் அதை வாங்கி, திறக்காமலே வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தாள். "எட்னா! ஒருவழியாச் சேர்ந்துடுச்சுடி!"

கிளிஃபர்ட் உள்ளே எட்டிப் பார்த்தார். சமையலறை மேஜைக்கு முன்னால் எட்னா உட்கார்ந்திருந்தாள். கையில் நீல மைப் பேனா. பக்கத்தில் கத்தரிக்கோல். எதிரில் பாதி வெட்டிய காகிதம்.

"நீயா? வகுப்பு?"

"இதான் வகுப்பு" என்றாள் எட்னா. "நீ பெட்டியக் குடுத்த அன்னிக்கே கடிதத்தப் பார்த்துட்டேன். மறுநாளே நேர்ல கொண்டுவந்து அக்கா கையில குடுத்துட்டேன். ரெண்டு பேரும் ஒரு கைக்குட்டை நனைய அழுதோம். அப்புறம் ஒரு கைக்குட்டை நனையச் சிரிச்சோம்."

"அப்ப போர்வையில இருந்தது?"

"நகல். நீயா வாயத் திறப்பேன்னு பார்த்தேன். நீ தைக்க ஆரம்பிச்சுட்டே."

"கடிதத்தைத்தான் சேர்க்கல, துண்டையாவது சேர்க்கட்டும்னு நான்தான் சொன்னேன்" என்றாள் மியூரியல். "வாரா வாரம் எழுதி எழுதி எனக்குக் கை விட்டுப்போச்சு. அவ கையெழுத்து எனக்கு எப்பவும் வரும்."

கிளிஃபர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் திருகினார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அந்த வரி... என் கைக்கு வந்தா தவறாதுன்னு... அதுவும் நீங்களா எழுதினதா?"

எட்னா பேனாவை மூடினாள். "இல்ல கிளிஃப். அது ஒண்ணுதான் பழைய கடிதத்துல இருந்தே வெட்டினது."

அவருக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கிவிடக்கூடாதா என்றிருந்தது. தரை ஹாலிஃபாக்ஸ் கல். அசையவில்லை. "என்ன தண்டனை வேணாலும் குடு, எட்னா" என்றார்.

"தண்டனையா? நம்ம போர்வைதான் முடியப்போகுதே. அசல் தையல்காரனாட்டம் கை படிஞ்சுபோச்சு உனக்கு" என்று எட்னா எழுந்து நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

மியூரியல் ஊசிப்பெட்டியை அவர் முன்னால் தள்ளினாள்.

"உட்காரு கிளிஃப். அடுத்த போர்வை எனக்கு. என்னுது ரெட்டைக் கட்டில்."