நாணல்மேட்டின் கடைசி ஓட்டு

ஒரு காட்டில் ஒரு தொகுதி இருந்தது. சிங்கம் இருந்தது, முயல் இருந்தது என்று ஆரம்பிக்கிற கதைகளெல்லாம் காட்டுக்குத் தேர்தல் வருவதற்கு முந்தியவை. இது பிந்தியது.

தொகுதியின் பெயர் நாணல்மேடு. மொத்தம் நானூற்றுப் பதின்மூன்று ஓட்டு. முதல் தேர்தலில் கரடியார் மூன்று ஓட்டில் ஜெயித்துக் காடாளுமன்றம் போனார். இரண்டாவதில் எருமையார் இரண்டு ஓட்டில். மூன்றாவதில் மறுபடி கரடியார், ஒரே ஓட்டில். நான்காவதில் எருமையார், அதுவும் ஒரே ஓட்டில். அந்த ஓட்டைப் போட்ட கிழட்டு மரநாய் முடிவு வருவதற்குள் செத்துப்போனது.

பக்கத்தில் புலிமலை என்று ஒரு தொகுதி. அங்கே எப்போதும் புலிதான். ஆகையால் அங்கே யாரும் ஒரு வாக்குறுதிகூடக் கொடுப்பதில்லை. நாணல்மேடு அப்படியில்லை. இழுபறித் தொகுதி. இங்கே ஒவ்வொரு தேர்தலிலும் ஆற்றுக்குப் பாலம் வரும்.

வந்தும்தான் இருந்தது. ஜெயித்தவர் ஒவ்வொரு முறையும் ஒரு தூண் எழுப்பி, அதில் தன் பெயரைக் கல்வெட்டில் பொறித்து, நாடா வெட்டிவிட்டுப் போனார். இருபது வருஷத்தில் தூண் நாலு, கல்வெட்டு நாலு, நடக்கப் பலகை ஒன்றுகூடக் கிடையாது.

இந்தக் கரையில் குடியிருந்தவள் முள்ளம்பன்றி பிலோமினா. பள்ளிக்கூடம் அந்தக் கரையில். அவள் பிள்ளைகள் இரண்டும் தினமும் பாறைக்குப் பாறை தாவித்தான் போகவேண்டும். தண்ணீரில் முதலை. அதற்கு இரண்டு கட்சியிலும் உறுப்பினர் அட்டை உண்டு, யாரும் கேட்கமுடியாது. போன மாதம் கடைக்குட்டி வீடு திரும்பியபோது முதுகில் பாதி முள்ளைக் காணோம். அடுத்த தடவை முள்ளோடு நிற்காது என்று பிலோமினாவுக்குத் தெரியும்.

ஐந்தாவது தேர்தல் வந்தது. பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. முதலை கரையேறி வெயில் காயட்டும் என்று காத்திருந்து, ஆற்றைத் தாண்டி அவள் போய்ச் சேர்ந்தபோது, ஓட்டுப்பதிவு முடிகிற ஆறு மணி அடிக்க ஒரு நிமிஷம். வரிசையில் வேறு யாருமில்லை. சாவடி அதிகாரி ஆமை, விதிப்படி கதவைச் சாத்திவிட்டு, விதிப்படி அவள் கையில் டோக்கன் நம்பர் ஒன்றைக் கொடுத்தது.

"டோக்கன் வாங்கியவங்க ஓட்டுப் போடாம சாவடியை மூட முடியாதும்மா. சட்டுன்னு போட்டுட்டுப் போங்க."

"மூடவே முடியாதா?"

"விதி அப்படி."

ஓட்டு ரகசியம் என்பதால் யார் யாருக்குப் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த இரு கட்சிக் காக்கைகளும் கணக்குச் சொல்லிவிட்டன: கரடியாருக்கு இருநூற்றாறு, எருமையாருக்கு இருநூற்றாறு. பிலோமினா கையிலிருந்த டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்து, சாவடி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

கரடியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். "தங்கச்சி! என்ன இங்க உட்கார்ந்துட்டே?"

எருமையார் பின்னாலேயே வந்தார். "தாயி, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"தேர்தலுக்குத் தேர்தல் தங்கச்சி, தாயி. நடுவுல அஞ்சு வருஷம் நான் யாருன்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் வராது. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. பாலத்துக்குப் பலகை போடுங்க, நான் ஓட்டுப் போடறேன்."

"ஜெயிச்ச மறுநாளே..." என்று ஆரம்பித்தார் கரடியார்.

"ஜெயிக்கறதுக்கு முந்தின நாளே."

ஆமை தலையை வெளியே நீட்டியது. "நடத்தை விதிப்படி இப்போ புதுத் திட்டம் எதையும் தொடங்கக்கூடாது."

"எங்க தொடங்கறாங்க? தொடங்கித்தான் இருபது வருஷமாச்சே."

ஆமை யோசித்தது. ஆமை யோசித்து முடிப்பதற்குள் இந்தக் கரையிலிருந்து கரடியாரும் அந்தக் கரையிலிருந்து எருமையாரும் பலகை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு பக்கத்திலிருந்தும் பிலோமினாவுக்குக் கிழங்குப் பொட்டலம் வந்தது. இரண்டையும் சாப்பிட்டாள். நடுநிலை என்றால் வேறென்ன? வீட்டில் அவள் புருஷன் இரண்டு நாள் பட்டினி கிடந்து, மூன்றாம் நாள் தானே கிழங்கு சுடக் கற்றுக்கொண்டான். தொகுதி உருவாகி இருபது வருஷத்தில் அந்த வீடு கண்ட முதல் வளர்ச்சித் திட்டம் அது.

பதினோராம் நாள் ஒரே ஒரு பலகைதான் பாக்கி. அதை யார் அடிப்பது என்று அடிதடி. கடைசியில் இருவரும் ஆளுக்கொன்று, ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தார்கள். காட்டிலேயே உறுதியான பாலம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை பிலோமினாவின் பிள்ளைகள் பாறையில் கால் வைக்காமல், நனையாமல், முள் ஒன்றுகூடக் குறையாமல் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தன. முதலை தன் வாழ்வாதாரம் பறிபோனதாக இரண்டு கட்சி அலுவலகத்திலும் மனுக் கொடுத்தது.

"இப்போ போடு தங்கச்சி," என்றார் கரடியார்.

"எழுந்திரு தாயி," என்றார் எருமையார்.

ஆமை மையைத் தயாராக எடுத்து வைத்தது. பிலோமினா எழுந்தாள். கதவுவரை போனாள். வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தாள். கூரையில் நாலு இடத்தில் வானம் தெரிந்தது. அதற்கு நேர் கீழேதான் கடைக்குட்டியின் பெஞ்சு.

டோக்கனைத் தன் முள்ளொன்றில் பத்திரமாகக் குத்திக்கொண்டு, வந்து பழைய இடத்திலேயே கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"அடுத்த மாசம் மழை வருது," என்றாள். "ஓடு எத்தனை வேணும்னு எண்ணிட்டு வாங்க."

நாணல்மேட்டின் தேர்தல் வரலாற்றில் ஐந்தாவது தேர்தலுக்கு நேராக இன்றும் 'நடந்துகொண்டிருக்கிறது' என்றே எழுதியிருக்கிறது. புலிமலைக்காரர்கள் பொறாமையில் வெந்துபோகிறார்கள்.

நீதி: வாக்குரிமை விலைமதிப்பற்றது, ஆகவே எக்காரணம் கொண்டும் அதைப் பயன்படுத்தித் தொலைக்காதீர்கள்.