முதுகில் கண் பெற்ற ஜெயராணி வெள்ளாறு கடந்த படலம்

வெற்றியைத் தன் பெயருக்கு முன்னும் அரசுரிமையைப் பின்னும் சூடியவளும், கடலூர் மஞ்சக்குப்பத்துப் பள்ளியொன்றில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பிளஸ் டூ மாணவர்க்கு இயற்பியல் என்னும் கசாயத்தைப் புகட்டி வருபவளும், நாற்பத்தாறு அகவையள் ஆயினும் இருபத்தோரு கியர் பூண்ட இரும்புப் புரவியின்மேல் இமைப்பொழுதில் ஏறி அமர வல்லவளுமாகிய ஜெயராணியின் புகழ், கெடிலம் முதல் வெள்ளாறு வரை நீடு நிற்பதாக. அவள் சங்கிலியில் எண்ணெய் வற்றாதிருப்பதாக. அவள் டயரை முள் அறியாதிருப்பதாக.

இத்தகையாளுக்கும் ஒரு களங்கம் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கடலூரிலிருந்து சிதம்பரம் வரை மிதித்தே சேர்வேன் என்று ஆசிரியர் அறையில் அனைவர் செவியும் கேட்கச் சூளுரைத்துப் புறப்பட்டவள், பி.முட்லூரைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், பின்னால் வந்த பேருந்து ஒன்றின் காற்றடியில் தடுமாறிக் கருவேலம் புதரில் வீழ்ந்தாள். பேருந்து அவளைத் தொடவில்லை. பக்கத்தில் போனதோடு சரி. அவளுடைய இடது முழங்கையில் ஒரு தகடும் நான்கு திருகாணிகளும் குடியேறின. "முக்கால் சிதம்பரம் டீச்சர்" என்று தாவரவியல் தட்சிணாமூர்த்தி அவளுக்குப் பட்டம் சூட்ட, அந்தப் பட்டம் கைகால் முளைத்துப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நடந்து போயிற்று.

அன்று யாரோ ஒரு வழிப்போக்கர் தொலைபேசியில் சொல்ல, ஓடிவந்து அவளை ஆம்புலன்ஸில் ஏற்றியவர் கணவர் இளவரசு. முந்திரிக் கம்பெனி சூப்பர்வைசர். மூட்டையைப் பிரிக்காமலே சொத்தைப் பருப்பை முகர்ந்து அறியும் நுண்மூக்கினர். அந்நாள் தொட்டுச் சைக்கிள் என்ற சொல் அவ்வீட்டில் எழும்போதெல்லாம் அவருடைய தீர்ப்பு ஒன்றே.

"பின்னாடி என்னா வருதுன்னே தெரியாம ரோட்ல போறதா? வேணாம் ராணி."

இத்தீர்ப்பை முறியடிக்கவே, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் காயத்ரி கூரியர் வழியாக ஒரு தெய்வாஸ்திரம் அனுப்பினாள். பார்வைக்கு அது சோப்புப்பெட்டி போன்றது. இருக்கைக்கு அடியில் பின்புறம் நோக்கி அமர்ந்து, நூற்று நாற்பது மீட்டருக்குள் எந்த வண்டி நெருங்கினாலும் கட்புலனாகா அலைகளை ஏவி அதன் வேகத்தை அளந்து, கைப்பிடியில் பூட்டிய சிறு திரையில் ஒரு வெண்புள்ளியாகக் காட்டிக் "கீக்" என்று ஒலிக்கும். அதே கணத்தில் அதன் சிவப்பு விளக்கு படபடவெனத் துடித்து, வருகின்றவன் கண்ணில் விழும். புள்ளி திரையில் மேலே ஏற ஏற, பகை கிட்டே வருகிறது என்று பொருள். ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டுமே அதுகாறும் அவள் அறிந்திருந்த டாப்ளர் விளைவு, அன்றுதான் அவளிடம் ஊழியத்துக்குச் சேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, முதுகில் ஒரு கண் முளைத்த பெருமிதத்தோடு அவள் படையெடுத்தாள். வாசலில் நின்ற இளவரசு, "ஹெல்மெட் வார இறுக்கிக்க" என்று மட்டும் சொன்னார்.

என்னென்ன பகைகள் எதிர்ப்பட்டன அன்று! முதுநகர் தாண்டுமுன் பரங்கிப்பேட்டை மீன் வேன் ஒன்று ஐஸ் நீர் சிந்த வந்தது. கீக் என்றது அஸ்திரம், ஓரம் ஒதுங்கினாள், வேன் போயிற்று. சிப்காட் ரசாயன ஆலைகள் அருகே, மூக்கையும் தொண்டையையும் ஒருசேரத் தாக்கும் அந்த நாற்றத்தினூடே, மதங்கொண்ட யானை நிகர்த்த டேங்கர் லாரி வந்தது. அதுவும் முன்கூட்டியே புள்ளியாகிக் காட்டிக்கொடுக்கப்பட்டுத் தலைகுனிந்து கடந்தது. மறைந்து தாக்கும் கலை பகைவர்க்கெல்லாம் மறந்துபோயிற்றென ஜெயராணி உள்ளம் பூரித்தாள்.

ஆலப்பாக்கம் தாண்டியபின்தான் அந்த மாயப்பகை தோன்றியது.

ஒரு புள்ளி. திரையின் அடியில் பிறந்து, மெல்ல ஏறி, ஐம்பது மீட்டர் வரை வந்து, முந்தாமல் நின்று, பின்வாங்கி மறைந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் வந்தது. மறுபடியும் மறைந்தது. கடக்கும் பகையை அவள் அறிவாள். இடிக்கும் பகையையும் அறிவாள். நெருங்கி நெருங்கி விலகும் பகையை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தொலைவில் ஒரு கறுப்பு ஹெல்மெட், அவ்வளவே. கை தானாகக் கழுத்துச் சங்கிலிக்குப் போயிற்று. பைக்கில் வந்து சங்கிலி அறுப்பவர்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளெல்லாம் வரிசையாக நினைவில் அணிவகுத்தன. சாலையில் வேறு யாருமில்லை.

ஏழாம் முறை கீக் என்றபோது அவள் அஞ்சுவதை நிறுத்திச் சினந்தாள். புதுச்சத்திரத்துக்கு இப்பால், பழுதாகி நின்ற நெல் லாரி ஒன்றின் மறைவில் புரவியைச் சாய்த்து, காற்றடிக்கும் பம்பை உருவி, மூச்சடக்கி நின்றாள். டுபுடுபு என்ற ஓசை அருகில் வந்தது. வந்த கணத்தில், பம்பை வாளென ஓங்கிச் சாலையில் பாய்ந்தாள்.

மொபெட் ஒன்று இரண்டு காலையும் தரையில் தேய்த்து நின்றது. ஹெல்மெட்டுக்குள் இளவரசு இருந்தார்.

"நீங்களா மாமா?"

"பெட்ரோல் போட வந்தேன்."

"இவ்ளோ தூரமா?"

இளவரசு ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க்கின்மேல் வைத்தார். முகம் முழுக்க வேர்வை.

"வீட்ல உக்கார முடியல ராணி. அன்னிக்கு ஒருத்தர் போன் பண்ணாரே, அந்த நம்பர் இன்னும் என் போன்ல இருக்குது. நீ கெளம்புனதுலேர்ந்து அத எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கு உன் பின்னாடி வர்றதே தேவலன்னு வந்துட்டேன்."

ஓங்கிய பம்ப் தானாக இறங்கியது. ஆயினும் அவள் இயற்பியல் ஆசிரியை.

"ஏழு தரம் இது கத்திச்சி. ஏழு தரமும் எனக்கு உசுரு போயி வந்துச்சி. இப்ப நீங்கதான்னு தெரிஞ்சிபோச்சி. இனிமே இது கத்துறப்பல்லாம் மாமாதான வர்றாருன்னு நான் பாட்டுக்குப் போவேன். அப்ப நெசமாவே ஒரு பஸ்ஸு வந்தா?"

இளவரசு குனிந்து அந்தச் சோப்புப்பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"அப்ப ஆபத்தே நான்தான்ற."

"பின்னாடி வந்தா, ஆமா."

"முன்னாடி போவட்டுமா?"

"திரும்பிப் போங்க. பாலம் தாண்டுனதும் நானே போன் பண்றேன்."

நாடிழந்த மன்னர்போல அவர் மொபெட்டைத் திருப்பினார். ஓசை தேய்ந்து அடங்கும் வரை அவள் நின்றாள். பிறகு மிதித்தாள்.

பி.முட்லூர் கடந்தது. கருவேலம் புதர் கடந்தது. அதன் பக்கம் அவள் முகம் திருப்பவில்லை. பாலம் கண்ணில் பட்டதும் திருகாணிகள் நான்கும் ஒருங்கே வலித்தன. அந்நேரம் பார்த்துக் கீக் கீக் கீக் என்று அஸ்திரம் அலறித் திரை சிவந்தது. ஐம்பது மீட்டரில் தயங்கி நிற்கும் புள்ளி அல்ல இது. அடியிலிருந்து உச்சிக்கு அம்பெனப் பாய்ந்தது. பின்னால் வருவது மாமா அல்ல என்பதில் ஐயமே இல்லை.

இறுகிய விரல்களைத் தளர்த்தினாள். முழங்கைகளை மடித்தாள். வெள்ளைக்கோட்டின் ஓரத்துக்குப் போய், கண்ணைப் பாலத்தின் மறுகரையில் நட்டாள். வழிநெடுக ஹாரன் ஊதிக்கொண்டு வந்த தனியார் பேருந்து, சிவப்பு விளக்கின் துடிப்புக்கு அஞ்சியோ, ஓட்டுநர் நெஞ்சில் அன்று காலை ஈரம் இருந்ததாலோ, அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை, ஓர் ஆள் அளவு வலப்புறம் விலகிற்று. ஆயினும் காற்று அறைந்தது. கைப்பிடி ஒரு சாண் ஆடியது. ஆடிய கைப்பிடியை அந்தத் தகடு பதித்த கையே பிடித்து நிறுத்தியது. மணல் திட்டுகளுக்கிடையே மெலிந்து கிடந்த வெள்ளாறு கீழே நழுவிப் பின்னே போயிற்று.

அக்கரையில் ஒரு காலை ஊன்றி அவள் தொலைபேசியை எடுத்தாள். முதல் மணி முடியுமுன் எதிர்முனை எடுத்தது.

"தாண்டிட்டேன் மாமா."

அவர் பக்கம் கண்ணாடி டம்ளர்கள் உரசும் ஒலி கேட்க, அவள் வினவினாள்.

"வீட்டுக்குப் போவலியா?"

"ஆலப்பாக்கத்து டீக்கடையில இருக்கேன். மூணாவது டீ. நீ போயிட்டு வா."

அதன்பின் கோபுரங்கள் எழுந்து நோக்க, வீதிகள் வழிவிட, கோலமிட்ட வாசல்கள் இருமருங்கும் அணிசெய்ய, பேருந்து வென்றாள், பெருங்காற்று வென்றாள், கொண்டவன் அச்சமும் தன் அச்சமும் ஒருங்கே வென்றாள் எனத் திசையெட்டும் வாழ்த்த, முதுகில் கண்ணுடைய ஜெயராணி சிதம்பரம் கீழவீதியில் காலை ஒன்பதேகாலுக்கு வீறுடன் புகுந்தாள்.

ஓட்டலில் பூரி தீர்ந்துவிட்டதால் பொங்கல் சாப்பிட்டாள்.