மன்னர் தாடியில் ஓர் அடையாளம்

பழங்காசுக்குத் தரம் பார்த்துச் சான்றிதழ் தரும் கிள்ளான் கடையிலிருந்து திரும்பி வந்த வெள்ளிக் காசைக் கார்த்திகேசு பூதக்கண்ணாடியில் பார்த்தார். நல்லவேளை, மாற்றவில்லை. எட்வர்ட் மன்னரின் தாடிக்குள் தாமே குண்டூசியால் போட்டு அனுப்பிய அடையாளம் பத்திரமாக இருந்தது.

பிறகுதான் சான்றிதழைப் படித்தார். 'இரண்டாம் தரம். தாடிப் பகுதியில் கீறல்.'

"பார்த்தியோ, கண்டுபிடிச்சிட்டான்," என்றார் மனைவி வாகீஸ்வரியிடம்.

"கீறினது நீங்கள்தானே. அவன் எழுதினதிலை என்ன பிழை?"

"கீறல் வேறை, அடையாளம் வேறை. உனக்கு விளங்காது."

பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அவர் பெரிய கிராணி; ஆபீஸ் கணக்கும் சாமானும் அவர் பொறுப்பு. கத்தி, வாளி, தராசுக்கல் என்று எது ஆபீசை விட்டு வெளியே போனாலும் ஓர் அடையாளம் போட்டே அனுப்புவார். இல்லாவிட்டால் புதுக் கத்தி போய்ப் பழைய கத்தி வரும். இருபது வருஷம் கூடவே வேலை செய்த, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் உடையப்பனையே நம்பாதவர், முகம் தெரியாத கடைக்காரனை எப்படி நம்புவார்?

அதிலும் இது சாதாரணக் காசா? அப்பா ரயில்வேயில் வாங்கிய முதல் சம்பளத்தில் செலவழிக்காமல் எடுத்து வைத்தது. அடுத்த மாதம் கோலா சிலாங்கூரில் பழங்காசுக் கண்காட்சி. சம்பந்தி கனகலிங்கத்தின் காசு முதல் தரம் வாங்கிவிட்டது. அந்த மனிதர் சோற்றில் கை வைக்கும்போதுகூட அதைச் சொல்லாமல் விடுவதில்லை. அதன் பக்கத்தில் அப்பாவின் காசு இரண்டாம் தரமாக இருப்பதா?

கார்த்திகேசு, தரம் எழுதிக் காசை மூடியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிய்த்தெறிந்துவிட்டுக் கடையை மாற்றினார். இந்த முறை கோலாலம்பூர்.

ஆனால் தாடி ரகசியம் வெளியே போய்விட்டதே. வேறொரு காசின் தாடியில் அதேபோல் கீறித் தம் தலையில் கட்டிவிட்டால்? பின்பக்கத்தில், சீன எழுத்தின் காலடியில், புதிதாக ஓர் அடையாளம் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

"முன்னாடி எங்கயாச்சும் காட்டினீங்களா ஐயா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இல்லை."

"பேரு?"

சொந்தப் பேரைச் சொன்னால் கனகலிங்கத்தின் காதுக்குப் போய்விடும். "விசுவலிங்கம்," என்றார்.

பத்து நாளில் சான்றிதழ் வந்தது. 'மூன்றாம் தரம். இரு பக்கமும் கீறல்.'

மூன்றாம் தரத்துக்குக் கண்காட்சியில் இடமே கிடையாது. கார்த்திகேசு இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"இரண்டாம் தரத்தோடை விட்டிருக்கலாம்," என்றாள் வாகீஸ்வரி.

"கனகலிங்கம் ரெண்டு கடைக்கும் காசு குடுத்திருக்கிறான். இல்லாட்டில் இப்படி நடக்காது."

"அவருக்கு வேறை வேலை இல்லையோ?"

"இல்லை. அதுதான் பிரச்சினை."

பெட்டாலிங் ஜெயாவில் மூன்றாவது கடை ஒன்று இருந்தது. இந்த முறை காசின் ஓரத்தில் அரத்தால் மெல்ல ஓர் இழுப்பு. இதை எவனும் கண்டுபிடிக்க முடியாது என்று அவருக்கே ஒரு திருப்தி. கடையில் தம் பேர் தர்மலிங்கம் என்றார்.

"காசு எங்க கிடைச்சது அங்கிள்?"

"வீட்டிலை கிடந்தது. அதெல்லாம் உமக்கு ஏன்?"

"சும்மா கேட்டேன் லா."

சும்மா கேட்கிறானாம். அந்தக் கேள்வியே கார்த்திகேசுவுக்குப் பிடிக்கவில்லை.

சான்றிதழ் வாங்கப் போன அன்று உபசாரம் பலமாக இருந்தது. நாற்காலி போட்டார்கள். தேத்தண்ணீர் தந்தார்கள். காசை மட்டும் கண்ணில் காட்டவில்லை. முதலாளி உள்ளே போனவர் போனவர்தான். வாசலில் இரண்டு தடியர்கள் ஒரே பேப்பரை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, எழுத்தைப் பார்க்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திகேசுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உள்ளே காசை மாற்றுகிறார்கள். இவர் கத்தினால் அமுக்குவதற்கு வாசலில் ஆள். அப்பாவின் காசு கைவிட்டுப் போகிறது.

கோப்பையை எடுக்க வந்த வேலைக்காரி நவமணியை மெல்ல அருகே கூப்பிட்டார். "பிள்ளை, வாசலிலை நிக்கிற ரெண்டு பேரும் கள்ளர் மாதிரி இருக்கினம். ஆருக்கும் தெரியாமல் போலீசுக்கு ஒரு போன் போடுவியோ?"

நவமணி கோப்பையைத் துடைத்தபடியே சொன்னாள்:

"அவங்கதான் ஐயா போலீஸ். மூணு கடைக்கும் தரம் பார்க்கிறவர் ஒருத்தர்தான். எவனோ திருட்டுக் காசை அடையாளம் தெரியாம இருக்கக் கீறிக் கீறி, பேரை மாத்தி மாத்திக் கொண்டு வர்றான்னு அவருதான் வரச் சொன்னாரு."