கீரியின் பல்கம்பியும் யானை அளவு மாத்திரையும்

ஒரு காட்டில், டோக்கன் முறை வந்த பிறகும் வரிசையில் இடித்து முந்தும் பழக்கம் போகாதிருந்த நாளில், அம்சவேணி என்னும் கீரி வாழ்ந்து வந்தது. மரியாதைக்குப் பெயர் பெற்ற கீரி அது. பாம்பின் கழுத்தைக் கவ்வுவதற்கு முன்பும், “மன்னிக்கணும், ஒரு சின்னத் தொந்தரவு” என்று சொல்லிவிட்டுத்தான் கவ்வும். பணிவே பெருங்குணம் என்று கேட்டு வளர்ந்தவர்களே, இந்தக் கீரியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுள் பலரை நான் இதனிடம் காண்கிறேன்.

அதற்கிருந்த குறை ஒன்றே. முன்பற்கள் கோணலாக விலகி நின்றன. ஒரு நாள் சாரைப்பாம்பு ஒன்று அந்தப் பல்லிடுக்கு வழியே நழுவித் தப்பியது. தப்பியதோடு நில்லாமல், புதரிலிருந்து தலையை நீட்டி, “அக்கா, அடுத்த தடவை கதவைச் சாத்திட்டுப் பிடிங்க!” என்று கேலியும் பேசியது.

கீரிக்குப் பல்லே பிழைப்பு. ஆகவே அது அக்காட்டின் பல் மருத்துவராகிய மரங்கொத்தியை நாடிச் சென்றது. வாசலில் அமர்ந்திருந்த ஆமை டோக்கன் கொடுத்தது. பின்பு படிவம் ஒன்றையும் கொடுத்தது. “வேறு மருந்து ஏதேனும் உட்கொள்கிறீரா?” என்ற கேள்விக்கு, “இல்லை” என்று கீரி எழுதியது. அன்று அது உண்மையாகவே இருந்தது.

மரங்கொத்தி பல்லுக்குக் கம்பி மாட்டி முறுக்கிவிட்டுச் சொன்னது: “ரெண்டு மூணு நாள் வலிக்கும்மா. கம்பி பல்லை இழுக்குது, வலிக்கத்தான் செய்யும். இந்த அட்டையில இருக்கறது பாரசிட்டமால். உங்க எடைக்கு ஒரு தடவைக்கு அரை மாத்திரை. சாப்பிட்டுட்டுப் போடுங்க. ஆறு மணி நேரம் ஆகாம அடுத்தது கிடையாது. ஒரு நாளைக்கு நாலு தடவை, அதோட சரி.”

“அதுக்கும் வலி விடலைன்னா டாக்டர்?”

“கஞ்சியாக் குடிங்க. வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில வாய் கொப்பளிங்க. கம்பி குத்துற இடத்துல இந்த மெழுகை வைங்க. அப்பவும் தாங்கலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க. பக்கத்து வீட்டைக் கேக்காதீங்க.”

கீரி அந்தச் சொல்லைத் தட்டவில்லை. பக்கத்து வீட்டை அது கேட்கவே இல்லை. பக்கத்து வீடு தானாகவே வந்தது.

அந்தக் காட்டின் வழக்கங்கள் இரண்டை நீங்கள் அறிய வேண்டும். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது முதலாவது. கொண்டுவந்ததைக் கொடுத்தவர் கண்ணெதிரே உண்ண வேண்டும் என்பது இரண்டாவது. வழக்கமாகக் கொய்யாவும் கரும்பும் கொண்டுபோவார்கள். ஆனால் வாயில் கம்பி போட்ட கீரிக்குக் கரும்பு எதற்கு? எல்லாரும் யோசித்தார்கள். யோசித்துவிட்டு, தத்தம் வீட்டு டப்பாவைத் திறந்து, சென்ற நோயில் மிச்சமான மாத்திரையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அன்பு இவ்வாறுதான் சில வேளைகளில் டப்பாவைத் திறக்கிறது.

மறுநாள் காலை கீரி கஞ்சி குடித்து, மருத்துவர் சொன்ன அரை மாத்திரையை விழுங்கிய சிறிது நேரத்தில், கரடி மஞ்சள் மாத்திரையோடு வந்தது.

“காய்ச்சல் மாத்திரை, பாப்பா. மூணு நாள் காய்ச்சலை எனக்கு ஒரே ராத்திரியில இறக்குச்சு. என் முன்னாடியே போடு, கண்ணாரப் பாத்துட்டுப் போறேன்.”

“டாக்டர் குடுத்ததை இப்பதான் போட்டேன், மாமா…”

“அது பல்லுக்கு. இது காய்ச்சலுக்கு. ரெண்டும் வேற வேற ஆளு, உள்ளே போய்ச் சண்டை போடாது.”

மறுத்தால் மாமா மனம் வருந்துமே! கீரி மஞ்சள் மாத்திரையை முழுசாக விழுங்கியது.

கரடி போன கொஞ்ச நேரத்தில் மயில் வந்தது. அதன் அலகில் ரோஸ் நிற மாத்திரை இருந்தது.

“மழைக்காலத்துல மூக்கடைச்சா எனக்கு இதுதான். கலரைப் பாத்தியா? எனக்கே போட்டியா இருக்கு.”

“எனக்குச் சளி இல்லையே, அண்ணே.”

“வர்றதுக்கு முன்னாடியே போட்டுக்கோ. வந்தப்புறம் போடறது எல்லாரும் செய்யறதுதானே?”

கீரி அதையும் விழுங்கியது.

அப்போது கைப்பேசி ஒலித்தது. மருத்துவமனையிலிருந்து செய்தி வந்திருந்தது: “நாங்கள் கொடுத்ததைத் தவிர வேறு மருந்து உட்கொண்டிருந்தால் 1 அழுத்தவும். இல்லையெனில் 2 அழுத்தவும்.” கீரி சிந்தித்தது. மருத்துவர் கொடுத்தால் அது மருந்து. கரடி மாமாவும் மயில் அண்ணனும் கொடுத்தது அன்பு. அன்பை மருந்தென்று சொல்வது நன்றிகெட்ட செயல் அல்லவா? அது 2 அழுத்தியது. “நன்றி. நலமாக இருங்கள்” என்று பதில் வந்தது. நேர்மையானவர்களே, தூய நெஞ்சோடு தவறான பொத்தானை அழுத்துவது எத்தனை எளிது பாருங்கள்!

நண்பகலில் நிலம் அதிர்ந்தது. யானை வந்தது. அதன் துதிக்கையில் விளாம்பழம் அளவுக்கு ஒரு மாத்திரை இருந்தது.

“தலைவலி மாத்திரை. என் தலைக்குன்னு அளந்து செஞ்சது. உனக்குன்னா ஒண்ணு போதும்.”

“இதை எப்படிக் கடிப்பேன், பெரியப்பா? வாயெல்லாம் கம்பி.”

“கடிக்க வேணாம். இடிச்சுத் தேன்ல குழைச்சு நக்கு. ஆத்துல குளிச்சுட்டு சாயங்காலம் வர்றேன். காலி அட்டையைப் பாத்தாத்தான் எனக்குத் திருப்தி.”

அந்த யானை மனம் வருந்தினால் மூன்று நாள் அழும். ஆறு கரை புரளும். கீரியால் மறுக்க முடியவில்லை. அது கல்லை எடுத்தது, மாத்திரையை இடிக்கத் தொடங்கியது.

அந்த வேளையில்தான் மாசிலாமணி என்னும் உடும்பு நலம் விசாரிக்க வந்தது. அந்தக் காட்டிலேயே பெரிய கஞ்சன் அது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே வெறுங்கையை நீட்டிக்கொண்டு போகும். அன்றும் அப்படியே வந்தது.

“வாங்க சித்தப்பா.”

“சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். பையில போட்டுக் கொண்டாந்தா அது அன்பா? சரி, அதை விடு. கரடி என்ன குடுத்தான்?”

தன் வெறுங்கையை மறைக்க ஒரே வழி, பிறர் கையைக் குறை சொல்வது. இதை உடும்பு நெடுநாளாக அறிந்திருந்தது. எனவே வந்தவர்கள் விட்டுச்சென்ற மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, எவர் கொடுத்தது மட்டம் என்று ஆராயத் தொடங்கியது.

“முன்பக்கம் கொட்டை எழுத்துல எவனும் உண்மையைப் போட மாட்டான். பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கும் வண்டவாளம்… மஞ்சள், பாரசிட்டமால். ரோஸ், பாரசிட்டமாலோட இன்னும் ஏதோ ஒண்ணு. யானையோடது… அட, இதுவும் பாரசிட்டமால்! டாக்டர் குடுத்ததைக் காட்டு. அடேங்கப்பா!” உடும்பு மகிழ்ச்சியில் வாலைத் தரையில் அடித்தது. “எல்லாம் ஒரே சரக்கு! அட்டையை மட்டும் மாத்தி மாத்திக் குடுத்து உன்னை ஏமாத்தியிருக்கானுங்க! இதுக்கு நான் வெறுங்கையோட வந்ததே கௌரவம்!”

கீரியின் கையில் கல் நின்றது.

“சித்தப்பா… அப்ப நான் காலையிலேருந்து…”

“ஒண்ணையே மூணு தடவை முழுங்கியிருக்கே. இப்ப நாலாவது, யானை சைஸுல.”

கீரி பாய்ந்து சென்று கைப்பேசியில் 1 அழுத்தியது. “தாங்கள் ஏற்கெனவே 2 அழுத்திவிட்டீர்கள். நலமாக இருங்கள்” என்றது அது. கீரி உடனே மருத்துவமனையை அழைத்தது. ஆமை எடுத்தது.

“வணக்கம்… டோக்கன் நம்பர்… சொல்லுங்க…”

“டோக்கனும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது! டாக்டரைக் கூப்புடுய்யா!”

ஆமை தன் வாழ்நாளில் முதல்முறையாக விரைந்தது. மரங்கொத்தி பறந்து வந்தது. எதை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டது.

“அரை, ஒண்ணு, ஒண்ணு. ஒரு நாள் முழுக்க உங்களுக்கு ரெண்டுதான். மதியத்துக்குள்ளயே ரெண்டரை ஆயிடுச்சு.”

“ஆனா எனக்கு ஒண்ணும் பண்ணலையே டாக்டர்? நல்லாத்தானே இருக்கேன்?”

“அதுதாம்மா பயம். பாரசிட்டமால் அளவு மீறினா ஈரலைக் கெடுக்கும். ஈரல் உடனே சத்தம் போடாது. அது சத்தம் போடறப்ப நமக்கு நேரம் இருக்காது. கிளம்புங்க, ரத்தம் பாக்கணும்.”

கீரியை இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்துக் கவனித்தார்கள். இருமுறை ரத்தம் பார்த்தார்கள். ஈரல் தப்பியது. “அந்த விளாம்பழத்தையும் நக்கியிருந்தீங்கன்னா, இப்ப நாம பல்லைப் பத்திப் பேசிட்டிருக்க மாட்டோம்” என்றது மரங்கொத்தி.

முதல் நாள் மாலையே யானை மாத்திரையைத் துதிக்கையில் ஏந்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்துவிட்டது. “ஆசையாக் குடுத்தேனேம்மா” என்று கண் கலங்கியது. “பாதி இடிச்சு வச்சிருக்கே, மீதியையும் இடிச்சு…”

“மாட்டேன்” என்றது கீரி.

அந்தச் சொல் அதன் வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை. யானை திகைத்தது. “பல்லுக்குத்தான் கம்பி போட்டாங்கன்னு நெனச்சேன், மனசுக்கும் போட்டுட்டாங்களே!” என்று சொல்லி மூன்று நாள் அழுதது. ஆறு கரை புரண்டது. ஆனால் கீரி உயிரோடிருந்தது.

கரடியும் மயிலும் யானையும் திருந்தின என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவை மிச்ச மாத்திரையைப் பத்திரமாக டப்பாவில் வைத்து, அடுத்து யாருக்கு உடம்பு சரியில்லாமல் போகும் என்று காத்திருந்தன. காடு கூடி உடும்புக்குப் பொன்னாடை போர்த்தியது. உடும்பு அதன் ஓரத்தைப் புரட்டிப் பார்த்து, “இது போன வருஷம் கரடிக்குப் போத்துனதுதானே?” என்று கேட்டது. அதுவேதான்.

ஒன்றரை ஆண்டில் கீரியின் பற்கள் நேராயின, இடுக்கு மூடியது. ஒரு காலை, பழைய சாரைப்பாம்பு எதிரே வந்தது. கீரி ஒரு வார்த்தையும் பேசாமல் பாய்ந்து கவ்வியது.

“என்னக்கா இது?” என்று பாம்பு வருத்தத்தோடு கேட்டது. “முன்னெல்லாம் மன்னிக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்களே?”

பதில் சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும். கீரி திறக்கவில்லை.

நீதி: நோயுற்றவரைக் காணச் செல்வோரே, அன்பை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறுங்கையும் குறை காணும் கண்ணுமாகச் செல்லுங்கள், பொடி எழுத்தைப் படிக்கும் பொறுமை அந்தக் கண்ணுக்கு மட்டுமே உண்டு.