அப்பாவால் கண்டுபிடிக்க முடியாத கொலைகாரன்

அன்புள்ள தம்பிக்கு,

எழுதியவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்த ஒரு விஷயத்தை, முந்நூறு பக்கம் காத்திருந்து தெரிந்துகொள்ள மனிதர்கள் ஏன் இப்படித் தவிக்கிறார்கள்? எனக்குப் பதில் தெரியாது. ஆனால் உன் அலுவலக நண்பர்களுக்குச் சிபாரிசு செய்ய நல்ல துப்பறியும் நாவல் எது என்று கேட்டிருந்தாயே, அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவின் கண் நன்றாக ஆறி வருகிறது. காதுக்கு ஒரு குறையும் இல்லை, அடுத்த அறையில் பேசுவதெல்லாம் கேட்கிறது. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். தலையாய செய்தி, ஸ்கூட்டர் சாவி என் கைக்கு வந்துவிட்டது. வாங்குவதற்கு ஆள் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாயே, அவரை வரச்சொல்.

எப்படி வந்தது என்று நீ நம்பமாட்டாய். ஆபரேஷனுக்கு முன்னால் அப்பா ஸ்கூட்டரோடு மருந்துக்கடைப் படியில் ஏறிய கதை உனக்குத் தெரியும். "படியை அங்க கொண்டுபோய் வச்சவனைக் கேளு" என்பதுதான் இன்றுவரை அவர் வாக்குமூலம். இந்த வயதில் இனி வண்டி வேண்டாம் என்று நான் சொல்ல, அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, இப்படியே போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கல்லூரியிலிருந்து வந்ததும் நான்தான் அவருக்குப் புத்தகம் வாசிக்க வேண்டும், அவருக்கோ துப்பறியும் நாவலைத் தவிர வேறெதுவும் பிடிக்காது. முதல் நாவலில் மூன்றாவது அத்தியாயம் முடிவதற்குள் "மச்சினன்தான்" என்றார். மச்சினன்தான். எப்படி என்று கேட்டேன். "முப்பது வருஷம் ஆபீஸ்ல லீவு லெட்டர் படிச்சவன்மா நான். காய்ச்சல்னு ஒரு வார்த்தை எழுதினவனுக்கு நிஜமாவே காய்ச்சல். எந்த டாக்டர், என்ன மாத்திரை, வாசல்ல எவ்வளவு கூட்டம்னு எழுதினவன் கல்யாணத்துக்குப் போயிருக்கான். உன் மச்சினன் பல் டாக்டர்கிட்ட போனதை ஒரு பக்கம் சொல்றானே, பாத்தியா?" என்றார். அப்போதுதான் அவரே வாய்விட்டார். "கடைசி அத்தியாயத்துக்கு முன்னால என்னால கண்டுபிடிக்க முடியாத ஒரு கதையைக் கொண்டுவா. சாவியைக் குடுத்துடறேன்."

விடுவேனா. எங்கள் கல்லூரி நூலகரிடம் போனேன். பூட்டிய அறைக்குள் கொலை நடக்கும் நாவலைக் கொடுத்து, "மேடம், இதை யாராலயும் முடியாது" என்றார். அப்பாவால் முடிந்தது. அதே நூலகர் அடுத்து விஷம் வைத்துக் கொல்லும் கதை ஒன்றைக் கொடுத்தார். அந்த விஷத்தை அந்த அளவில் கொடுத்தால் வயிற்றுப்போக்குதான் வருமே தவிர ஆள் சாகமாட்டார் என்று நான், வேதியியல் பாடம் எடுக்கிற வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், இடையில் நிறுத்திச் சொல்லிவிட்டேன். "அப்ப செத்தவன் சாகலை, அவனேதான் எல்லாம் பண்றான்" என்று அதையும் முடித்துவிட்டார். கீழ்வீட்டு வக்கீலிடம் கேட்டேன். அவர் சிபாரிசு செய்யும் உற்சாகத்தில் படியிலேயே நின்று முடிவையும் சொல்லிவிட்டார், போலீஸ் அதிகாரிதான் கொலைகாரன் என்று. முடிவைத் தெரிந்துகொண்டு வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதியிலேயே அப்பா, "அந்த இன்ஸ்பெக்டர் பேசறப்ப மட்டும் நீ தொண்டையைக் கனைச்சுக்கறியே, அவன்தானே?" என்றார். இதில் சிரிப்பு வேறு.

அதன்பின் யாரையும் கேட்பதில்லை என்று முடிவெடுத்து, வாடகைப் புத்தகக் கடைக்குப் போய் அடித்தட்டில் கிடந்த, அட்டை நைந்த ஒரு நாவலை நானே எடுத்து வந்தேன். தம்பி, எனக்கு இந்த மாதிரிப் புத்தகங்கள்மேல் மரியாதை கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் இது வேறு. பங்களாவில் நோயாளிப் பணக்காரர், அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ், சொத்தை நிர்வகிக்கும் கணக்காளர், இரண்டு மகன்கள். எல்லோரும் சொல் சுருக்கம். லீவு லெட்டரில் ஒரே வார்த்தை எழுதும் ஜாதி. அப்பா திணறினார். "இன்னொரு தடவை படி" என்றார். கடைசியில், "கணக்காளன். வேற யாரும் இல்லை" என்றார். கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். மழையில் பின்பக்கக் குழாயைப் பிடித்து மாடிக்கு ஏறி ஜன்னல் வழியாகப் போய்ப் பணக்காரரைக் கொன்றது நர்ஸ். நர்ஸ்!

அப்பா அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "தோத்தவன் பேசக் கூடாது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். முனைவர் பட்டம் வாங்கிய அன்றுகூட நான் இப்படிப் பூரித்துப்போகவில்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். ஆக, உன் நண்பர்களுக்குத் தயங்காமல் சொல்: இந்த ஒரு நாவல் போதும். அலசி, சலித்து, உலகத்திலேயே சந்தேகம் பிடித்த வாசகரிடம் பரிசோதித்துத் தேறியது. தலைப்பைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், நல்ல புத்தகங்களாகப் படிக்கட்டும்.

வெற்றி பெற்ற
உன் அக்கா

பி.கு.: நேற்று எழுதியதைத் தபாலில் சேர்ப்பதற்குள் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காலையில் டாக்டர், இனி படிக்கலாம் என்று அனுமதித்துவிட்டார். வீடு திரும்பிய அப்பா முதலில் எடுத்தது அந்த நாவலை. மதியம் என்னைக் கூப்பிட்டார். நடுவில் ஓர் இடத்தில் நர்ஸ் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொள்கிறாள். இரண்டு மாதம் மாவுக்கட்டைப் பிரிக்கக் கூடாது. கொலை அடுத்த வாரம். "கட்டு போட்ட கையோட குழாய் ஏறினாளாமா?" என்றார். கட்டைப் பிரித்ததாக எங்காவது இருக்கிறதா என்று நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இல்லை. எழுதியவர் மறந்துவிட்டார். கணக்காளனைக் கொலைகாரனாக வைத்துப் பார்த்தால் ஜன்னல், மழை, குழாய் எல்லாம் அப்படியே பொருந்துகிறது. நான் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"நீயே வச்சுக்கோ. தோத்துப்போய்க் குடுக்கறதுதான் கஷ்டமா இருந்துது. இப்ப ஜெயிச்சவன் குடுக்கறேன்," என்றார். "ஆனா விக்கக் கூடாது. நீ ஓட்டு. நான் பின்னால உக்காந்து வழி சொல்றேன்."

ஆகவே வாங்க வருபவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. கல்லூரியில் படித்த காலத்துக்குப் பிறகு நான் வண்டியைத் தொட்டதில்லை; உரிமத்தை மட்டும் ஏனோ புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறேன். மாலையில் அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன். ஒருவரும் காயப்படவில்லை. நாங்கள் கொடுத்த நாவலை அங்கே நின்றிருந்த ஒரு பெண் கையில் எடுத்து, "நல்லா இருக்குமா?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா, தைரியமா எடுத்துக்கிட்டுப் போங்க. கடைசி அத்தியாயத்தை மட்டும் நம்பாதீங்க. அப்பாவிப் பொண்ணைப் பிடிச்சு உள்ள போட்டிருக்கான்."