முள்நோக்கி

பம்பாயில் மோட்டார் ஓட்டுகிறவர்களில் முள்நோக்கி என்று ஓர் இனம் உண்டு. வானத்தைப் பார்த்து நடந்து சாக்கடையில் விழுகிறவர், தரையைப் பார்த்து நடந்து விளக்குக் கம்பத்தில் மோதுகிறவர் என்று கால்நடையாகப் போகிறவர்களில் பல தினுசு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். முள்நோக்கி இவர்களையெல்லாம் தாண்டியவர். மோதின பிறகும் அவர் அந்தக் கம்பத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

பின்னே எதைப் பார்ப்பார்? சொல்கிறேன். மோட்டாரின் ஓட்டுவளையத்துக்கு எதிரே ஒரு பலகை இருக்கிறதல்லவா? அதில் வட்ட வட்டமாகக் கண்ணாடிச் சில்லுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முள். ஒன்று வேகம் சொல்லும். ஒன்று பெட்ரோல் சொல்லும். ஒன்று தண்ணீரின் சூட்டைச் சொல்லும். இன்னொன்று, பாட்டரிக்குள் மின்சாரம் போகிறதா, பாட்டரியிலிருந்து வருகிறதா என்று சொல்லும். பக்கத்தில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு. நெற்றிக்கு மேலே, பின்னால் வருகிறவர்களைக் காட்ட ஒரு கண்ணாடி. இவ்வளவையும் செய்து வைத்த வெள்ளைக்காரன் என்ன நினைத்தான்? மனிதன் ரோட்டைப் பார்த்து ஓட்டுவான், நடுவே ஓய்ந்தபோது பலகையை ஒரு பார்வை பார்த்துக்கொள்வான் என்று நினைத்தான். முள்நோக்கி பலகையைப் பார்த்து ஓட்டுவார், அலுத்தால் பின்கண்ணாடியைப் பார்ப்பார், அதற்கும் மேல் அவகாசம் இருந்தால் ரோட்டைப் பார்ப்பார். அவகாசம் இருப்பதில்லை.

மோட்டார் இல்லாதபோதும் இவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். குழந்தைக்கு ஜுரம் என்றால் நெற்றியைத் தொட மாட்டார், தர்மாமீட்டரைத் தேடுவார். பசிக்கிறதா என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார். மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து, இன்று மழை உண்டா என்று பத்திரிகையில் படிப்பார்.

மாதுங்காவில் என் அடுத்த வீட்டில் இந்த இனத்தின் உத்தமமான மாதிரி ஒருவர் இருந்தார். பெயர் வேங்கடசுப்ரமணியன். யுத்தத்துக்காக ஏற்பட்ட ஒரு சப்ளை ஆபீசில் ஹெட் கிளார்க். யுத்தம் முடிந்தது. பட்டாளத்துக்காரர்கள் தங்கள் பழைய மோட்டார்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள், இவர் அதில் ஒன்றை வாங்கினார். அதே சமயத்தில் ஆபீசிலோ, யுத்தத்துக்காகச் சேர்த்த குமாஸ்தாக்களை வரிசையாக வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு ஆபீஸ் பாஷையில் என்ன பெயர்? டிஸ்சார்ஜ். இவர் வாங்கின மோட்டாரிலே, பாட்டரி முள்ளுக்கு ஒரு பக்கம் 'சார்ஜ்' என்று எழுதியிருந்தது. மறுபக்கம் என்ன எழுதியிருந்தது?

அதேதான்.

இரண்டு பாஷை படித்த மனிதருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறு இல்லை. இங்கிலீஷ் தெரியாதவராக இருந்தால் நிம்மதியாக ஓட்டியிருப்பார். இவருக்கு அந்தச் சொல் தெரியும், அது எந்த நிறக் கவரில் வரும் என்பதும் தெரியும். பலகை முழுவதையும் அவர் ஆபீசாகவே வாசித்தார். சிவப்பு விளக்கு என்பது துரை சிவப்புப் பென்சிலால் எழுதும் ரிமார்க். பின்கண்ணாடி என்பது சீனியாரிட்டி லிஸ்டில் நமக்குக் கீழே இருப்பவன் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொள்ளும் சாதனம். அவன் நம்மைத் தாண்டிப் போனால், போயிற்று, இனி அவனுக்குக் கீழேதான் நாம்.

முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயக் கூடாது. இதுதான் விரதம். விரதத்துக்கு நியமங்கள் உண்டு. ஹாரன் அடித்தால் முள் ஒரு குதி குதிக்கிறது, ஆகையால் ஹாரன் கிடையாது. அவசியமானால் மனைவி அபயாம்பாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூப்பிட வேண்டும். முன்விளக்குப் போட்டால் முள் துவள்கிறது, ஆகையால் விளக்கு வைப்பதற்கு முன் வீடு திரும்பிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வண்டியை நிறுத்தி இஞ்சின் மெதுவாக ஓடினால் முள் மெல்ல மெல்ல அந்தப் பாழும் பக்கம் சரிகிறது. ஆகையால் நிறுத்தவே கூடாது. யாருக்காகவாவது காத்திருக்க நேர்ந்தால் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிக்கொண்டிருப்பார். வட்டமான தோட்டத்தைச் சுற்றி வட்டமான ரோடு போட்டவன் இவரைப் போன்றவர்களை முன்னிட்டே போட்டிருக்க வேண்டும்.

"ஏன்னா, ரோட்டைக் கொஞ்சம் பாருங்கோளேன்" என்பாள் அபயாம்பாள்.

"ரோடு எங்கே ஓடிப்போறது? அது கவர்ன்மெண்ட் ரோடு. பெர்மனென்ட். முள்ளு அப்படியா?"

இந்த மனிதருக்கு விஜயலக்ஷ்மி என்று ஒரு பெண். நன்றாகப் பாடுவாள். ரேடியோவில் பாட வேண்டும் என்பது அவள் ஆசை. இரண்டு முறை குரல் பரீட்சைக்குப் போய் இரண்டு முறையும் திருப்பி அனுப்பப்பட்டவள் மூன்றாம் முறை தேறினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குக் கால் மணி நேரம் கொடுத்தார்கள். பாட்டு அங்கே பாடும்போதே இங்கே கேட்கும், தாமதமாக வந்தால் அந்த நேரத்துக்கு ஓர் இசைத்தட்டைப் போட்டுவிடுவார்கள், பிறகு கூப்பிடுவது சந்தேகம் என்று ரேடியோக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ரேடியோ நிலையமோ ஊரின் மறுகோடியில், கோட்டைப் பக்கம். மாதுங்காவில் அந்தப் பெண்ணைத் தவிர எல்லோரும் அன்று நிம்மதியாகத் தூங்கி எழுந்தார்கள்.

"டிராமிலே போயிடறோமே" என்றாள் அபயாம்பாள்.

"வீட்டிலே கார் இருக்கறச்சேயா?" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

தம்பூராவின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்தார்கள். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் நான், அபயாம்பாள், விஜயலக்ஷ்மி, தம்பூரா நால்வரும் நின்றோம். கார் வந்தது. போயிற்று.

"ரெடியா?" என்று போகிற போக்கில் ஒரு கேள்வி மட்டும் வந்தது. மறு சுற்றில், "ஏறுங்கோ, ஏறுங்கோ!"

"நிறுத்தினாத்தானே ஏற?" என்று அபயாம்பாள் கூடவே ஓடினாள்.

"நிறுத்தினா டிஸ்சார்ஜ்!" என்ற குரல் வளைவில் திரும்பி மறைந்தது.

அதற்கடுத்த சுற்றில் முள் எவ்வளவுக்கு இடம் கொடுக்குமோ அவ்வளவுக்கு வேகத்தைக் குறைத்தார். முதலில் தம்பூரா ஏறிற்று. பிறகு பெண். பிறகு தாய், ஒரு செருப்போடு. கடைசியில் நான் எப்படி ஏறினேன் என்பது எனக்கே தெரியாது. நடைபாதையில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

ஏறினதுமே அடுத்த கலகம். தம்பூராவின் கழுத்து பின்கண்ணாடியை அடைத்துக்கொண்டது.

"கண்ணாடியிலே ஒண்ணுமே தெரியலையேடி! நாலு பிருடைதான் தெரியறது!"

"முன்னாடி பாத்து ஓட்டுங்கோ, போறும்."

"பின்னாடி யார் வரான்னு தெரியாம நான் எப்படி முன்னாடி போறது?"

பாதிக் கண்ணாடியாவது தெரியட்டும் என்று தம்பூராவை என் மடியில் சாய்த்தோம். அது என் மோவாயில் இடித்தது. பரவாயில்லை, சங்கீதத்துக்காகப் பட்ட அடி. விஜயலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் பைரவியை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் கைக்குட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியிருக்கும்.

தாதர் வந்தது. அங்கே, தாராவியிலிருந்து பதனிட்ட தோல் ஏற்றிக்கொண்டு ஒரு கைவண்டி நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. ஹாரன் அடிக்க வேண்டிய இடம். அபயாம்பாள் தலையை நீட்டினாள்.

"ஐயா! கொஞ்சம் ஒதுங்கிக்கோங்கோ!"

கைவண்டிக்காரர் நிதானமாகத் திரும்பினார். திருநெல்வேலிப் பக்கம். "ஏ அம்மா, ஆரன் அடிச்சா வெலகாமலா இருப்போம்? நீங்க கூப்பிடுத தோரணையப் பாத்து, எல போட்டுச் சோறு வைக்கப்போறியளோன்னுல்லா நின்னுட்டேன்!"

இந்தச் சம்பாஷணை முடிவதற்குள் நாற்சந்திப் போலீஸ்காரன் கையைத் தூக்கிவிட்டான். கைவண்டி நின்றது. டிராம் நின்றது. வேறு வழியில்லாமல் நாங்களும் நின்றோம். இஞ்சின் முணுமுணுத்தது. முள் சரிந்தது. சரிந்து சரிந்து, டிஸ்சார்ஜ் என்ற சொல்லின் முதல் எழுத்தைத் தொட்டது. சிவப்பு விளக்கு மினுக்கிற்று. வேங்கடசுப்ரமணியனின் காதோரம் வேர்வை இறங்கியதை நான் பார்த்தேன். சட்டென்று சாவியைத் திருப்பி இஞ்சினையே அணைத்துவிட்டார்.

கார் ஒரு குலுங்கு குலுங்கி ஓய்ந்தது.

"என்னன்னா, நின்னுடுத்தா?"

"நிக்கலை. நிறுத்தினேன். இப்பப் பாரு! முள்ளு நட்ட நடுவிலே. சிவப்பும் அணைஞ்சுடுத்து. வாங்கின நாள்லேருந்து இப்படி ஒரு ரிப்போர்ட்டை நான் பார்த்ததே இல்லை."

"கார் போகலையே!"

"அது வேற டிபார்ட்மெண்ட்."

போலீஸ்காரன் கையை இறக்கினான். "சலோ, சலோ!" என்றான். பின்னாலிருந்து லாரிகளும் விக்டோரியாக் குதிரை வண்டிகளும் தத்தம் பாஷையில் எங்களை ஏசின. வேங்கடசுப்ரமணியன் அசையவில்லை. "பாட்டரி இப்போ லீவிலே இருக்கு. கொஞ்ச நாழி ரெஸ்ட் எடுத்துக்கட்டும். நடுவிலே லீவைக் கான்சல் பண்ணினா உடம்புக்கு ஆகாது" என்றார்.

விஜயலக்ஷ்மி கண்ணைத் திறந்தாள். போலீஸ்காரனைப் பார்த்தாள், அப்பாவின் பிடரியைப் பார்த்தாள், தாதர் ஸ்டேஷன் இருக்கும் திசையைப் பார்த்தாள். காரிலிருந்த எங்கள் எல்லோரிலும் ஜன்னலுக்கு வெளியே வழி தேடிப் பார்த்தவள் அன்று அவள் ஒருத்திதான்.

"அப்பா, நீங்க முள்ளைப் பாத்துண்டிருங்கோ. நான் ரயிலைப் பார்க்கறேன். அம்மா, இறங்கு!"

என் மடியிலிருந்த தம்பூராவைப் பிடுங்கிக்கொண்டு அவள் ஓடினாள். ஒற்றைச் செருப்போடு அபயாம்பாள் பின்னால் ஓடினாள். அந்த ஒன்றையும் பாதி வழியில் உதறிவிட்டாள். தம்பூரா போனதும் பின்கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது. அதற்குள்ளே தாயும் பெண்ணும் சிறுத்துச் சிறுத்துக் கூட்டத்தில் மறைந்தார்கள்.

வேங்கடசுப்ரமணியன் மூச்சு விட்டார். "அப்பாடா. இப்பத்தான் பின்னாடி க்ளியரா இருக்கு."

காரை ஓரமாகத் தள்ளினோம், நானும் அந்தக் கைவண்டிக்காரரும். பாட்டரியின் லீவு ஒருவழியாக முடிந்தது. கோட்டைக்குப் போய் இனிப் பிரயோஜனமில்லை என்று மாதுங்காவுக்கே திரும்பினோம். கிங்ஸ் சர்க்கிளில் ரேடியோ இருந்த காபி ஹோட்டலில் தெருவே கூடியிருந்தது. பத்தரை ஆகப்போகிற சமயம். ரயில் கிடைத்ததா, கிடைத்தாலும் போரிபந்தரில் இறங்கி எப்படிப் போனார்கள், ஒன்றும் தெரியாது. "பொண்ணை விட்டுட்டு வந்துட்டேளா?" என்று கேட்டவர்களிடம் "ஆச்சு, ஆச்சு" என்றேன்.

அறிவிப்பாளர் தென்னிந்திய சங்கீதம் என்றார். பாடுகிறவர் பெயரைச் சொல்லவில்லை. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. வெறும் இரைச்சல். ஹோட்டல் முதலாளி இட்லித் தட்டைக் கையில் வைத்தபடி நின்றார். இசைத்தட்டின் கீறல் சத்தம் எந்த நிமிஷமும் வரப்போகிறது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

தம்பூரா கேட்டது. என் மோவாயில் இடித்த அதே தம்பூரா. பிறகு குரல். முதல் வரியில் மூச்சுக் கொஞ்சம் இரைத்தது, ஓடி வந்த மூச்சு. இரண்டாவது வரியில் அது அடங்கிற்று. அதற்கப்புறம் பைரவி வந்து எங்கள் நடுவே உட்கார்ந்துகொண்டது. யாரும் காபி குடிக்கவில்லை. ஒரு கிழவர் "பேஷ்" என்று சொல்லவந்து, அதையும் பாதியில் விழுங்கிவிட்டார்.

வேங்கடசுப்ரமணியன் எங்கே என்று பார்த்தேன். ரேடியோப் பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில், முகத்தை முன்னே நீட்டி உட்கார்ந்திருந்தார். பெட்டியின் முகப்பில் விளக்கு எரிந்தது. விளக்குக்கு முன்னே, ஸ்டேஷனைக் காட்டும் ஒரு நீள முள்.

"யாரும் மேஜையிலே கை வைக்காதேள். நகர்ந்துடப் போறது" என்றார்.

பிற்பகலில் தாயும் பெண்ணும் வந்தார்கள். அடுத்த மாதமும் பாட வரச் சொல்லியிருக்கிறார்களாம். விஜயலக்ஷ்மி செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் எதிரே போய் நின்றாள்.

"அப்பா, கேட்டேளா? எப்படி இருந்தது?"

"கேட்டேன்டீ குழந்தே. கால் மணியும் கண்ணைக் கொட்டாமப் பாத்துண்டிருந்தேன். முள்ளு ஓர் இழை அசையலை."

அவள் முகம் ஒரு கணம் விழுந்தது. அபயாம்பாள் அவள் தோளைத் தட்டி, "பிரமாதமாப் பாடினேங்கறார். அவர் பாஷையிலே அவ்வளவுதான் வரும். உள்ளே வா, சாப்பிடு" என்றாள்.

சிரிக்கிறீர்கள். நம்மிடம் மோட்டாரும் இல்லை, நாம் சப்ளை ஆபீசிலும் இல்லை என்ற தைரியம். நல்லது, ஒரே ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்து வைத்துவிட்டுப் போங்கள். மேலே, அந்தப் பெண் தம்பூராவைத் தூக்கிக்கொண்டு தாதர் ஸ்டேஷனுக்கு ஓடினாளே, ரயில் கிடைக்குமோ கிடைக்காதோ என்றிருந்த அந்த இடத்தில், வரியை விட்டுவிட்டுக் கண்ணைக் கீழே ஓட்டி, இது முடிய இன்னும் எவ்வளவு பாக்கி என்று ஒரு பார்வை பார்த்தீர்களே, அது எதற்காக?