குதிரையின் வாயில் சந்தனம்

எனக்குப் பயம் வந்தால் வாய் வேலை செய்யாது. கை வேலை செய்யும். (இரண்டில் எது ஆபத்து என்று என் மனைவியைக் கேளுங்கள்.)

என் மகள் தாரணி விரும்பிய சீனப் பையனின் தகப்பன், திரு. சென், லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த நாள் அது. அவருக்கு எங்களைப் பிடித்தால்தான் கல்யாணம். அவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நானோ ஐந்தாம் வகுப்போடு நின்ற மினிகேப் டிரைவர். காலையிலிருந்து மூன்று தரம் சேர்ட் மாற்றியிருந்தேன்.

"அப்பா, நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். தாங்க் யூ எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாள் தாரணி.

வந்தவர் ஒரு தாள்சுருளை விரித்தார். கறுப்பு மையில் ஒரே ஒரு சீன எழுத்து, சிலந்தி அவசரத்தில் கூடு கட்டியதுபோல. அவர் இங்கிலீஷில் விளக்க, தாரணி எனக்குச் சொன்னாள்:

"இது கடிவாளக் கயிறாம் அப்பா. நீங்கள் கார் ஓடுறனீங்கள் எண்டு இண்டைக்குக் காலமைதான் எழுதினவராம். நடுவில வண்டில். ரெண்டு பக்கமும் பட்டுநூல், அதுதான் கயிறு. கீழ இந்தச் சதுரம் குதிரையின்ர வாய். ஆதியில வண்டிலையும் கயிறையும்தான் கீறினவையாம். வாய் பிறகுதான் வந்ததாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாங்க் யூ தொண்டைவரை வந்து திரும்பிப் போய்விட்டது. கை புறப்பட்டது.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைப்போம். காருக்கு வைத்தோம், ஃபிரிட்ஜுக்கு வைத்தோம். (பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையும் நான் விடவில்லை.) சாமித்தட்டில் குழைத்திருந்த சந்தனத்தைத் தொட்டு, குதிரையின் வாயிலேயே அப்பிவிட்டேன். ஈரம் பட்ட மை கரைந்து, தாளின் அடிவரை ஒழுகியது.

"ஐயோ அப்பா!"

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது, தமிழில், நிற்காமல்.

"ஐயா, நான் பழுதாக்க வைக்கேல்லை. நல்ல சாமானுக்குத்தான் பொட்டு வைக்கிறனாங்கள். வெளியில என்ர காரை வந்து பாருங்கோ. நான் படிக்காதவன். பிள்ளை படிச்சவள். என்ர கை செய்த வேலைக்கு அவளை வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ..."

தாரணி அழுதுகொண்டே மொழிபெயர்த்தாள்.

சென் கண்ணாடியைக் கழற்றி, அந்த ஒழுகலைக் கிட்டக் குனிந்து பார்த்தார். ஏதோ சொன்னார். தாரணி மூக்கை உறிஞ்சினாள்.

"தூரம் ஓடின குதிரைக்கு வாயால வீணி வடியும்தானாம், அப்பா. இப்பதான் இதுக்கு உயிர் வந்திருக்காம்."

கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் என்னைப் பேச எழுப்பினார்கள். மைக்கைப் பிடித்தபடி நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். முன்வரிசையிலிருந்து சம்பந்தி எழும்பி, பாடமாக்கி வைத்திருந்த தமிழில் கத்தினார்: "வாய் பிறகு வரும்!"

வீணி வடியும் குதிரை எங்கள் ஹோலில் தொங்குகிறது. நான் எங்கே பேசாமல் இருந்தாலும் வீட்டில் யாராவது சம்பந்தியின் அந்த வசனத்தைச் சொல்லிவிடுகிறார்கள். போன கிழமை மூன்று வயதுப் பேத்தி சொன்னாள். அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.